தொண்ணூற்றாறு காட்டிய காடாத் துணி

நான் ஓய்வு பெற்றபோது எனக்கு முப்பத்து மூன்று வயது. இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில் உள்ள ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில் பத்து ஆண்டுகள் இருந்தேன்; வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பார்த்துப் பதிவேட்டில் குறிப்பது என் வேலையாக இருந்தது. அந்த வேலையை இப்போது சுவரில் மாட்டிய ஒரு பெட்டி செய்கிறது. என்னோடு அன்றைக்கு விடைபெற்ற மற்ற இருவருக்கும் அறுபது வயது. மூவருக்கும் ஒரே மாதிரி சால்வை போர்த்தினார்கள். ‘எஞ்சிய வாழ்நாள் அமைதியாகக் கழிய வாழ்த்துகள்’ என்று அச்சடித்த அட்டை எனக்கும் கிடைத்தது. இப்போது தங்கை வீட்டுக்காரரோடு சேர்ந்து நாற்று ஏற்றுகிற வண்டி ஓட்டுகிறேன். எஞ்சிய வாழ்நாள் அப்படித்தான் கழிகிறது.

சென்ற மாதம் அந்தப் பெட்டியைக் கவனித்துக்கொள்ளும் தம்பிகளில் ஒருவன் போன் செய்தான்.

“அண்ணே, பெட்டி ஈரம் தொண்ணூத்தாறுன்னு காட்டுது. செடி என்னன்னா நாலு நாளு பட்டினி கெடந்த மாதிரி நிக்குது. எத நம்ப?”

“ஈரம் பாக்குற முனை எங்க இருக்கு?”

“பாலிதீன் டன்னலுக்குள்ள தொங்குது.”

“அதத் தொட்டுப் பாரு.”

போய்த் தொட்டுப் பார்த்தான். பிறகு, “வெள்ளையா உப்புப் படிஞ்சு கெடக்குண்ணே” என்றான். துடைக்கச் சொன்னேன். துடைத்ததும் ஐம்பத்தெட்டுக்கு இறங்கியதாம். போனிலேயே எப்படித் தெரிந்தது என்று கேட்டான். பதில் நீளம் என்பதால் எழுதித் தருவதாகச் சொன்னேன்.

எங்கள் கூடத்தில் வளர்ந்தது வாழை. தாய்க் கிழங்கின் குருத்தில் ஒரு துணுக்கை எடுத்து, கிருமி நீக்கிய பாட்டிலுக்குள் வைத்து, அதைப் பலவாகப் பெருக்குவார்கள். பாட்டில்கள் இருக்கிற அறையில் இருபத்தைந்து டிகிரி வெப்பம். பதினாறு மணி நேரம் விளக்கு, எட்டு மணி நேரம் இருட்டு. வெளிநாடுகளில் சில இடங்களில் சட்டம் அனுமதித்து, அறைக்குள் கஞ்சா வளர்க்கிறார்களாம். அவர்கள் போடும் வெப்ப, ஈரப்பத அட்டவணையை ஒருமுறை இணையத்தில் பார்த்தேன். இளஞ்செடிக்கு அவர்கள் சொல்வதும் நாங்கள் சொல்வதும் ஏறத்தாழ ஒன்றுதான். செடிக்குச் சட்டம் தெரியாது.

சட்டம் தெரிந்த ஒருவர் ஒருநாள் சாயங்காலம் வந்தார். ஏட்டையா. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, எங்கள் கூடத்தின் பொறுப்பாளர் எஸ்தர் மேடத்திடம் கேட்டார்:

“உள்ள எந்நேரமும் லைட்டு எரியுதாம். ஏசி ஓடுதாம். ஜன்னல பூராம் அடச்சு வச்சிருக்கியளாம். என்னம்மா வளக்கிய?”

“வாழை சார்.”

“வாழைக்கு எதுக்கும்மா ஏசி?”

“உள்ள வந்து பாருங்க. மொதல்ல காலக் கழுவிட்டு வாங்க.”

ஏட்டையா பூட்ஸைக் கழற்றிக் காலைக் கழுவினார். வெள்ளைக் கோட்டு, குல்லா, வாய்மூடி எல்லாம் மாட்டிக்கொண்டார். வருகைப் பதிவேட்டில் ‘வந்த நோக்கம்’ என்ற கட்டம் வந்ததும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடத்தைப் பார்த்தார்.

“இதுல என்னம்மா எழுத?”

“எதுக்கு வந்தீங்களோ அத எழுதுங்க.”

அவர் வெகுநேரம் யோசித்து ‘வாழை பார்க்க’ என்று எழுதினார். அடுக்கடுக்காக இருந்த பாட்டில்களைக் கடைசி வரிசைவரை நடந்து பார்த்தார். வெளியே வந்து கோட்டைக் கழற்றும்போது, “எங்க வீட்டுல எனக்கே ஏசி கெடையாது” என்றார். மேடம் அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

எஸ்தர் மேடம் அப்படித்தான். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரிடம் இரண்டு பேனாக்கள் இருந்தன. பதிவேட்டில் பிடித்த வேலையைப் பார்த்தால் பச்சையில் ‘நன்று’ என்று ஓரத்தில் எழுதுவார். பிடிக்காவிட்டால் சிவப்பில் ‘ஏன்?’. பத்து ஆண்டுகளில் இந்த இரண்டு சொற்களைத் தவிர அவர் ஓரத்தில் வேறு எதையும் எழுதிப் பார்த்த நினைவில்லை. ‘ஏன்?’ என்பதற்கு நாம் அதன் கீழேயே பதில் எழுத வேண்டும். பதில் போதாவிட்டால் இன்னொரு ‘ஏன்?’ வரும். நான்கு ‘ஏன்’ வரைக்கும் வாங்கியவர்கள் இருந்தார்கள்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். பதிவேட்டில் அடித்தல் கூடாது. “தப்பா எழுதிட்டா அந்தத் தப்பு அங்கயே கெடக்கட்டும். சரியானத அதுக்குக் கீழ எழுதிக் கையெழுத்துப் போடு” என்பார்.

நான் தோட்டக்கலையில் டிப்ளமா முடித்துவிட்டு இருபத்து மூன்று வயதில் அங்கே சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா சுமை தூக்கினார். அம்மா இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் தறி ஓட்டினாள். முதல் ஆறு மாதம் பாட்டில் கழுவினேன். அதற்கடுத்த ஆறு மாதம் மற்றவர் குறிப்பதை நின்று பார்த்தேன். பிறகு பதிவேடு என் கைக்கு வந்தது. அதில் நான் எழுதிய எழுத்தைப் போல அழகாக அதற்கு முன்னும் பின்னும் எழுதியதில்லை.

பாட்டிலில் வளர்ந்த செடியை அப்படியே வயலில் வைத்தால் சாயங்காலத்துக்குள் செத்துவிடும். அது பிறந்ததிலிருந்து காற்றுப் பட்டதில்லை. அதனால் பாட்டிலிலிருந்து எடுத்து, தென்னை நார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டில் நட்டு, பாலிதீன் மூடிய டன்னலுக்குள் சில வாரம் வைப்போம். முதலில் தொண்ணூறு சதவீத ஈரப்பதம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வெளிக்காற்றுக்குப் பழக்குவோம். எண்பதுக்குக் கீழே போனால் ஃபாகரைப் போட வேண்டும். அது பனிப்புகை மாதிரி தண்ணீரைத் தூவும். தொண்ணூற்றிரண்டைத் தாண்டினால் ஃபாகரை நிறுத்திப் பக்கவாட்டுப் பாலிதீனை ஒரு முழம் சுருட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை வரும்.

ஈரப்பதம் பார்க்க அப்போது இருந்தது ஒரு மரப்பலகையும் இரண்டு தெர்மாமீட்டர்களும்தான். ஒன்று வெறுமனே இருக்கும். இன்னொன்றின் குமிழைச் சுற்றி மெல்லிய துணித்திரி கட்டி, திரியின் வாலைக் கீழே ஒரு சிறிய பாட்டில் தண்ணீரில் விட்டிருப்போம். திரி தண்ணீரை உறிஞ்சி மேலேற்றும். ஈரம் காய்கிறபோது குமிழ் குளிரும். காற்று வறண்டிருந்தால் அதிகம் காயும்; இரண்டு தெர்மாமீட்டருக்கும் வித்தியாசம் கூடும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் காயாது; இரண்டும் ஒன்றையே காட்டும். வித்தியாசத்தைக் கணக்கிட்டு அட்டவணையில் பார்த்தால் சதவீதம் கிடைக்கும்.

பார்ப்பதற்கும் முறை உண்டு. பக்கத்தில் போகும் முன்பே மூச்சை அடக்க வேண்டும். நம் மூச்சிலும் ஈரம் இருக்கிறது. கையால் பலகையைப் பிடிக்கக் கூடாது. முதலில் ஈரக்குமிழ், அடுத்து உலர்குமிழ். கண்ணுக்கு நேராக வைத்து அரை டிகிரி வரை படிக்க வேண்டும். வெளியே வந்து மூச்சு விட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. நான் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை.

நான் பொறுப்புக்கு வந்த முதல் சித்திரையில் திரி தீர்ந்துபோனது. சென்னையிலிருந்து வர வேண்டும். எழுதிப் போட்டும் வரவில்லை. பழைய திரி கறுத்து, இற்றுப்போயிருந்தது. ஊரைச் சுற்றிப் பேண்டேஜ் துணி நெய்கிற ஊரில் இருந்துகொண்டு ஒரு விரல்நீளத் துணிக்குச் சென்னையைப் பார்த்து உட்கார்ந்திருப்பது எனக்கு அபத்தமாகப் பட்டது. வீட்டில் அம்மா தறியிலிருந்து கொண்டுவந்த துண்டு ஒன்று கிடந்தது. புத்தம் புதியது, சல்லடை மாதிரி மெல்லியது. யாரையும் கேட்கவில்லை. அதைத் திரியளவு கத்தரித்து, தண்ணீரில் முக்கிக் கையால் கசக்கிப் பிழிந்து, வெள்ளிக்கிழமை காலை மூன்றாம் டன்னலில் கட்டினேன். முதல் முறை பார்த்தபோது எண்பத்தெட்டு. சரியாக இருந்தது. ‘உள்ளூர்த் துணியால் திரி மாற்றப்பட்டது’ என்று எழுதினேன். சாயங்காலம் பக்கத்தில் பச்சையில் ‘நன்று’ விழுந்தது. அதுதான் என் முதல் நன்று.

அன்று மத்தியானத்திலிருந்தே அளவு தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு என்று ஏறத் தொடங்கியிருந்தது. மூன்றாம் டன்னலைப் பார்த்துக்கொண்டவர் ராமுத்தாய். ஐம்பது வயதிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கூடம் தொடங்கிய அன்றைக்கே வேலைக்கு வந்தவர். ஃபாகரைப் போடுவது, பாலிதீனைச் சுருட்டுவது, வாரம் ஒருமுறை உரம் கரைத்துத் தெளிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. நான் அவரைச் சித்தி என்று கூப்பிடுவேன்.

“சித்தி, தொண்ணூத்தாறு ஆயிட்டு. ஃபாகர நிறுத்திட்டுப் பக்கத்தச் சுருட்டிவிடுங்க.”

“ஏய்யா, வெயிலு இந்தப் போடு போடுது. சுருட்டவா சொல்லுத?”

“மீட்டர் சொல்லுது.”

அவர் சுருட்டிவிட்டார். சனிக்கிழமை தொண்ணூற்றாறு. உரம் தெளித்த பிறகு வந்து சொன்னார்:

“இல ஓரம் சுருளுது பாரு. தண்ணி கேக்குதுய்யா. ஒரு அஞ்சு நிமிசம் பொகையப் போட்டுக்கிடுதேன்.”

“வேண்டாம் சித்தி. பூஞ்ச வந்துரும். ரூல் அது.”

“ஒனக்கு அந்தக் கண்ணாடிக் குச்சி சொன்னாத்தான் சரி. பச்சப்புள்ள அழுதா, காச்சக் குச்சிய வச்சுப் பாத்துட்டுத்தான் பாலு குடுப்ப போலருக்கு.”

கூட வேலை பார்த்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுத் தொண்ணூற்றாறு என்று எழுதினேன். நான் கண்ணாடி போட்டவன். டன்னலுக்குள் நுழைந்தால் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது; சட்டையில் துடைத்துவிட்டுத்தான் அளவு பார்க்க முடியும். அந்த நான்கு நாளும் துடைக்க வேண்டியிருக்கவில்லை. வேலை சுலபமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை மூன்றாம் டன்னலில் எண்ணாயிரம் செடியின் இலை ஓரமும் காப்பிப்பொடி நிறத்துக்கு வந்துவிட்டது. கூமாப்பட்டிப் பக்கத்து விவசாயிகள் குழி எடுத்து வைத்துக் காத்திருந்த செடிகள் அவை.

சூப்பர்வைசர் கணேசன் அண்ணாச்சி செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். பதிவேட்டைப் புரட்டினார். தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு, தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு. அடித்தல் இல்லாத, முத்து முத்தான எழுத்து.

“ஈரம் அருமையா இருந்துருக்கு. அப்ப காஞ்சு கருகல. உரம் கூடுனாலும் ஓரம் இப்படித்தான் கருகும். சனிக்கெழம உரம் அடிச்சது யாரு?”

“நாந்தான் அண்ணாச்சி” என்றார் ராமுத்தாய். “ஒரு மூடிதான் கலந்தேன். எப்பவும் அம்புட்டுத்தான்.”

“ஒரு மூடியோ மூணு மூடியோ, யாரு கண்டா?”

“நாங் கண்டேன்.”

“பதிவேடு பொய் சொல்லுமாம்மா? படிச்ச பையன் ரெண்டு மணிக்கொருக்க எழுதி வச்சிருக்கான்.”

ராமுத்தாய் என்னைப் பார்த்தார். ஃபாகர் வேண்டும் என்று அவர் கேட்டதையும் நான் வேண்டாம் என்றதையும் நான் சொல்லியிருக்கலாம். ஆனால் மீட்டர் தொண்ணூற்றாறு காட்டியது உண்மை. விதிப்படிதான் நான் சொன்னேன். ஆகவே அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று அந்த நிமிடம் முழுமையாக நம்பினேன். அண்ணாச்சி சொல்லச் சொல்லப் பதிவேட்டில் எழுதினேன்: ‘மூன்றாம் டன்னல். உரக் கலவை கூடியதால் இலை ஓரம் கருகியது. காரணம், தொழிலாளி கவனக்குறைவு.’

ராமுத்தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. மேசைப் பக்கம் வந்து, “என்னய்யா எழுதுன?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்ல சித்தி, சும்மா” என்றேன்.

கூப்பிடும்வரை வர வேண்டாம் என்று அவரை அனுப்பிவிட்டார்கள். அந்தக் கூடத்தில் ‘கூப்பிடும்வரை’ என்று போனவர்களில் யாரையும் அதற்கு முன்னால் கூப்பிட்டதில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்குத் திரி பாட்டிலுக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். அது ஐந்து நாளுக்கு ஒருமுறை செய்கிற வேலை. நாளொன்றுக்கு ஒரு விரற்கடை தண்ணீர் குறையும். ஐந்தாம் நாள் அடியில் கொஞ்சம் கிடக்கும். மூடியைத் திறந்தேன். தண்ணீர் கழுத்துவரை இருந்தது. வெள்ளிக்கிழமை ஊற்றிய தண்ணீர் அப்படியே இருந்தது.

திரியைத் தொட்டுப் பார்த்தேன். அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது. விரலில் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்து அதன்மேல் வைத்தேன். சொட்டு உள்ளே போகாமல், சேம்பு இலையில் நிற்கிற மாதிரி உருண்டு நின்றது. செத்த நேரம் நின்று பார்த்தும் இறங்கவில்லை. கடைசியில் உருண்டு கீழே விழுந்தது. நான் கசக்கி ஏற்றிய ஈரம் வெள்ளிக்கிழமையே காய்ந்த பிறகு, அந்தக் குமிழும் உலர்குமிழாகத்தான் நின்றிருக்கிறது.

பழைய திரியைத் தேடி எடுத்து அலசிக் கட்டினேன். பத்து நிமிடத்தில் ஐம்பத்திரண்டு காட்டியது. நானே ஓடிப்போய் ஃபாகரைப் போட்டேன். சுருட்டியிருந்த பாலிதீனை இறக்கினேன். பிறகு யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்கு அன்று இரண்டாம் ஷிப்டு. புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

“எம்மா, நீ கொண்டாந்த துணி தண்ணிய உறிஞ்சாதா?”

“எந்தத் துணி?”

“மடிச்சு அலமாரியில வச்சிருந்தியே, சல்லாத் துணி.”

“அது காடால்லா! தறியில இருந்து எறக்குன துணி. கஞ்சியும் மெழுகுமா கெடக்கும். பிளீச்சிங்குல போட்டு வேகவச்சு எடுத்த பொறவுதான் அது தண்ணி குடிக்கும். வெளுத்த துணியக் கூட தண்ணியில போட்டு, முங்குதான்னு பாத்துட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே அனுப்புவாவ. ஏன், என்ன செஞ்ச?”

“ஒண்ணுமில்ல.”

“ஏலே, காடா தண்ணி குடிக்காதுன்னு இந்த ஊருல கோழிக்குஞ்சுக்குக்கூடத் தெரியுமேடா. நீ என்னத்தப் படிச்ச?”

சோற்றைப் பிசைந்தேன். அதற்குப் பதில் எழுத ஓரத்தில் இடம் போதாது.

அன்று மத்தியானமும் மறுநாளும் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று இப்போது யோசித்தால் நல்ல காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. செடி பிழைத்துவிட்டால் எல்லாம் தானே சரியாகிவிடும் என்று இருந்தது. தன் மகன் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு மீட்டர் பார்க்கிறான் என்று அம்மா தறிக்காரப் பெண்கள் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அதுவும் இருந்தது. இரண்டு மணிக்கொருமுறை மூச்சை அடக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். எண்பத்தேழு, எண்பத்தெட்டு, எண்பத்தெட்டு. எல்லாம் சரியான எண்கள். எழுதும்போது அதே பக்கத்தில் மேலே அந்த மூன்று வரி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கணேசன் அண்ணாச்சி ஒரு வெள்ளைத்தாளைக் கொண்டுவந்து வைத்தார்.

“தம்பி, அன்னைக்குப் பதிவேட்டுல எழுதுனத இதுல அழகா ஒரு காப்பி எடு. தலைமை ஆபீசுக்கு அனுப்பணும். ராமுத்தாய் வேலைக் கார்டக் கேன்சல் பண்ணச் சொல்லிட்டாவ. ஒன் எழுத்துன்னா நல்லாருக்கும்.”

‘மூன்றாம் டன்னல்’ என்று எழுதினேன். எழுத்து நன்றாகத்தான் வந்தது. அதற்கு மேல் கை ஓடவில்லை. அண்ணாச்சி டீ குடிக்கப் போயிருந்தார். பதிவேட்டை இழுத்து, கடைசி அளவுக்குக் கீழே எழுதினேன்:

‘சென்ற வெள்ளி மத்தியானம் முதல் புதன் காலை வரை குறித்த அளவுகள் தவறு. திரியாகக் கட்டியது வெளுக்காத காடாத் துணி. அது நனையவில்லை. டன்னலில் ஈரம் இருக்கவில்லை. செடி காய்ந்தது. ஃபாகர் போடக் கேட்டபோது வேண்டாம் என்றவன் நான். உரத்தில் தவறில்லை.’ கையெழுத்துப் போட்டேன். புதன்கிழமையே தெரியும் என்பதையும் சேர்த்து எழுதிவிட்டு, மேடத்தின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அண்ணாச்சி வந்து வெள்ளைத்தாளைப் பார்த்தார்.

“என்னடே, ரெண்டு சொல்லோட நின்னுட்ட?”

“அது பொய்யி அண்ணாச்சி” என்றேன். விவரத்தைக் கேட்டு முடித்ததும் அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “இத அன்னைக்கே சொல்லித் தொலச்சிருக்கக்கூடாதா? நானுல்லா அந்தப் பொம்பளயப் போச் சொன்னேன்” என்றார். அன்றைக்கு எனக்கே தெரியாது என்றேன். “புதன்கெழம?” என்றார். அதையும் எழுதி மேடத்தின் மேசையில் வைத்திருப்பதாகச் சொன்னேன்.

பதிவேடு மத்தியானம் திரும்பி வந்தது. ‘புதன்கிழமையே தெரியும்’ என்ற வரிக்குப் பக்கத்தில் சிவப்பில் ‘ஏன்?’ என்று இருந்தது. முந்தைய வெள்ளிக்கிழமையில் இருந்த பச்சை ‘நன்று’வுக்குக் கீழேயும் ஒரு சிவப்பு ‘ஏன்?’ இருந்தது. அதற்குப் பதிலும் மேடமே எழுதியிருந்தார்: ‘என்ன துணி என்று நான் கேட்கவில்லை.’ கீழே கையெழுத்து.

என் ‘ஏன்’னுக்கு ‘பயம்’ என்று எழுதினேன். இரண்டாவது ‘ஏன்?’ வரவில்லை.

மேடம் கூப்பிட்டுச் சொன்னது இரண்டே வாக்கியம். “அனுப்பினது நாம. போய் கூட்டிட்டு வர வேண்டியது நீ.”

செடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாதிக்கு மேல் புதுக்குருத்து விட்டுத் தேறிவிட்டன. மற்றவற்றைக் கொட்டினோம். கூமாப்பட்டிக்காரர்களுக்கு ஒரு மாதம் தாமதமாக, அடுத்த தொகுதியிலிருந்து ஈடுகட்டிக் கொடுத்தோம். தோண்டிய குழியை மூடிவிட்டு மறுபடி தோண்டினார்கள். அவர்கள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். ராமுத்தாய் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் முறத்தை நிறுத்தவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: துணி, தண்ணீர் பாட்டில், ஐம்பத்திரண்டு.

“அப்ப எம் மூடி ஒரு மூடிதான்.”

“ஆமா சித்தி.”

“தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. ‘என்னக்கா, வாழையக் கருக்கிட்டியாமே’ன்னு தண்ணிக்கொழாயில நின்னு கேக்காளுவ. ஏழு வருசம் கலந்தவளுக்கு மூடி மறந்துருமான்னு ஒருத்தி கேக்கல.”

“திங்கக்கெழம வந்துருங்க. மேடம் சொல்லிட்டாவ.”

“வரச்சொன்னா வரவும் போகச்சொன்னா போகவும் நான் என்ன டவுன் பஸ்ஸா?” முறத்தைக் கீழே வைத்தார். “அன்னைக்கு என்னமோ எழுதுனியே. என்னன்னு கேட்டதுக்கு ஒண்ணுமில்லன்னியே. அது என்ன?”

சொன்னேன். தொழிலாளி கவனக்குறைவு என்ற சொற்களை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

“அது இன்னும் அதுல இருக்கா?”

“அடிக்கக் கூடாது சித்தி. ரூல். அதுக்குக் கீழ சரியானத எழுதியிருக்கேன்.”

“அடிக்க வேண்டாம். இருக்கட்டும். திங்கக்கெழம வாரேன். அந்த நோட்ட எடுத்துட்டு கேட்டு வாசலுக்கு வா. எல்லாரும் வார நேரத்துல, ரெண்டையும் வாசி. மேல உள்ளதையும் வாசி, கீழ உள்ளதையும் வாசி. அந்த அண்ணாச்சியும் நிக்கணும்.”

பதிவேட்டை வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை. மேடத்திடம் கேட்டேன். “கேட்டு வாசல் உள்ளயா, வெளியவா?” என்று கேட்டார். உள்ளே ஓரடி தள்ளி நின்றுகொள்வதாகச் சொன்னேன். சரி என்றார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் பதிவேட்டோடு கேட்டுக்கு உள்ளே ஓரடி தள்ளி நின்றேன். கணேசன் அண்ணாச்சி வந்து நின்று, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி மணி பார்த்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ராமுத்தாயும் ஏழெட்டுப் பெண்களும் இறங்கினார்கள். அவர் சேலையைச் சரிசெய்துகொண்டு எனக்கு நேரெதிரே வந்து நின்றார்.

“ம்.”

வாசித்தேன். மூன்றாம் டன்னல், உரக் கலவை கூடியதால், தொழிலாளி கவனக்குறைவு. அதற்கடுத்து என் வரிகள். பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்து வாசித்ததற்குப் பிறகு நான் கூட்டத்துக்கு முன்னால் வாசித்தது அதுதான். ‘வேண்டாம் என்றவன் நான்’ என்ற இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது.

“சத்தமா” என்றார் ஒரு பெண்.

சத்தமாக வாசித்து முடித்தேன். ராமுத்தாய் அசையவில்லை.

“எம் பேரு எங்க?”

பதிவேட்டைப் பார்த்தேன். மேல் வரியிலும் இல்லை. கீழ் வரிகளிலும் இல்லை. குற்றத்தில் தொழிலாளி என்று எழுதியிருந்தேன். என் வாக்குமூலத்தில் அதுகூட எழுதவில்லை. ‘கேட்டபோது’ என்று மட்டும் இருந்தது. யார் கேட்டார் என்று இல்லை.

“எழுது” என்றார்.

கணேசன் அண்ணாச்சி தன் பேனாவை நீட்டினார். பதிவேட்டை அவர் முதுகில் வைத்து எழுதினேன்: ‘ஃபாகர் போட வேண்டும் என்று சனிக்கிழமை சொன்னவர் ராமுத்தாய். அவர் சொன்னது சரி. உரம் ஒரு மூடிதான் கலந்தார்.’ முதுகு ஆடியதால் எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. அந்தப் பதிவேட்டிலேயே மோசமான எழுத்து அதுதான்.

மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன். தன் பெயர் வந்த இடத்தில் ராமுத்தாய் பக்கத்தில் நின்றவளைத் திரும்பிப் பார்த்தார். வாசித்து முடித்ததும் அண்ணாச்சி, “சரிம்மா, மணி எட்டேகால். உள்ள போவமா?” என்றார்.

“செத்த நில்லுங்க அண்ணாச்சி” என்றார் ராமுத்தாய். சாலையைப் பார்த்துக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். “வத்திராயிருப்பு பஸ்ஸு இப்பத்தான் வருது. அவளுவ ஒண்ணும் கேக்கல.”

பஸ் நின்றது. ஐந்து பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு இறங்கி, என்ன கூட்டம் என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். ராமுத்தாய் அவர்களை முன்னால் வரவிட்டு ஒதுங்கி நின்றார்.

“வாசிய்யா” என்றார்.

மூன்றாம் முறை, மேல் வரியிலிருந்து தொடங்கினேன்.